தலைவர் பிறந்த நாளுக்கு முந்தின நாள்

எங்கள் வீட்டில் வருஷத்தின் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவருக்குச் சொந்தமாக இருந்தது. யாருக்கும் சொந்தமில்லாமல் சும்மா கிடக்கிற நாள் என்று ஒன்றைப் பார்ப்பதே அபூர்வம். இதற்குக் காரணம் என் சித்தப்பா. நைனாவுக்கு ஒரே தம்பி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எந்தக் கம்பெனியிலும் ஆறு மாதம் சேர்ந்தாற்போல் நிற்கவில்லை. கட்சி, கட்சி, கட்சிதான். புதுவாயல் கூட்டு ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற தெருவில் எங்கள் வீடு இருந்தது. அதன் முன்னறையில் பாதி எங்களுக்கு, மீதி பாதி அவர் சுருட்டி வைத்திருந்த பேனர்களுக்கு.

காலையில் எழுந்ததும் தினசரி காலண்டரில் தாளைக் கிழிப்பது அவர் உரிமை. வேறு யாரும் கை வைக்கக் கூடாது. கிழித்துவிட்டு, "இன்னைக்கு இன்னா நாள் தெரியுமா பாப்பா?" என்று என்னைக் கேட்பார். எனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவரே சொல்வார். ஒரு தலைவர் பிறந்த நாள், ஒரு தியாகி இறந்த நாள், எங்கோ ஒரு தேசம் விடுதலை அடைந்த நாள், முதன்முதலாக ரயில் ஓடிய நாள். எதிர்க்கட்சித் தலைவர்களின் பிறந்த நாள் வந்தால் மட்டும் தாளைக் கிழித்துக் கசக்கிப் போட்டுவிட்டு, பேசாமல் பல் விளக்கப் போய்விடுவார். அன்று சாயங்காலம் வரை அவரிடம் யாரும் வாய் கொடுக்க மாட்டோம்.

எனக்கு இதெல்லாம் பிடித்திருந்தது, ஆனால் சுத்தமாகப் புரியவில்லை. ஒரு நாள் காலையில், மனிதன் நிலாவில் இறங்கிய நாள் இது என்றார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து வாசலிலேயே நின்றேன். நிலா வந்ததும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தேன். யாரும் இறங்கவில்லை. சித்தப்பாவிடம் போய்ச் சண்டை பிடித்தேன்.

"வருஷா வருஷம்லாம் எறங்க மாட்டாங்க பாப்பா. அது ஒரு தபா நடந்தது. முடிஞ்சி போச்சி."

"அப்ப உங்க தலைவர் மட்டும் இன்னாத்துக்கு வருஷா வருஷம் பொறக்குறாரு?"

சித்தப்பா வாயைத் திறந்து, திறந்தபடியே சற்று நேரம் வைத்திருந்தார். உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்த அம்மா, "கேட்டா பாரு என் பொண்ணு!" என்று கஞ்சியைக் கீழே ஊற்றிவிட்டுச் சிரித்தாள். 

இத்தனை பேர் பிறந்த நாளும் தெரிந்த சித்தப்பாவுக்குத் தன் பிறந்த நாள் தெரியாது என்பதுதான் வேடிக்கை. பள்ளிக்கூடத்துக் கணக்கில் ஜூன் மாதத்தில் ஒரு தேதி. அவரோடு படித்த பாதிப் பேருக்கும் அதே தேதிதான். சேர்க்க வந்த பிள்ளைகளுக்கெல்லாம் அந்தக் காலத்து ஹெட்மாஸ்டர் ஒரே நாளைப் பிறந்த நாளாக்கி வேலையைச் சுலபமாக முடித்துவிட்டார். என் கதையும் கொஞ்சம் அப்படித்தான். பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள், வீட்டுக்கு வேறொரு நாள். எது நிஜம் என்று கேட்டால், "நீ பொறந்த அன்னைக்கு கரெண்டு இல்ல, செம வெயிலு, அது மட்டும் ஞாபகம் கீது" என்பாள் அம்மா. ஆகவே நான் பெரிய மனிதர்களின் நாட்களை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டேன்.

அது நாலாம் வகுப்பில் எனக்குக் கை கொடுத்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் ஒரு பிள்ளை முன்னால் வந்து அன்றைய நாளின் சிறப்பைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் நாளிதழைப் பார்த்துத் தடுமாறுவார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேடைப் பேச்சாளர் தோரணையில், சித்தப்பா சொல்லிக்கொடுத்த ஏற்ற இறக்கத்தோடு பொழிவேன். டீச்சருக்கு என்மேல் ஒரே பெருமை. தலைவர் பிறந்த நாளன்று பேச வேண்டியது நான்தான் என்று ஒரு மாதத்துக்கு முன்பே முடிவாகிவிட்டது.

இங்கே சித்தப்பாவின் பதவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் எங்கள் ஊர்க் கிளையின் செயலாளர். ஆனால் கட்சிக்காரர்கள் யாரும் செயலாளர் என்று முழுதாகச் சொல்வதில்லை. சித்தப்பாவை 'கிளை' என்பார்கள். அவருக்கு மேலே ஒன்றியத்துக்கு ஒருவர், அவர் பெயர் 'ஒன்றியம்'. அதற்கும் மேலே மாவட்டத்துக்கு ஒருவர். "மாவட்டம் வண்டிய விட்டு எறங்கல, கண்ணாடிய மட்டும் எறக்குனாரு" என்று சித்தப்பா சொல்லும்போது, திருவள்ளூர் மாவட்டம் முழுவதும் ஒரு காருக்குள் எப்படி உட்கார்ந்திருக்கும் என்று எனக்குத் தலை சுற்றும்.

தலைவர் பிறந்த நாளன்று அரசாங்க ஆஸ்பத்திரியில் பிறக்கிற குழந்தைகளுக்குக் கட்சி சார்பில் தங்க மோதிரம் போடுவது வழக்கம். எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அந்த ஏற்பாட்டைச் செய்வது சித்தப்பாவின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை அவருக்கு முந்தின வருஷம்தான் முதல் தடவையாகக் கொடுத்தார்கள். வளைவு கட்டி, பேனர் வைத்து, மாலை வாங்கி, மாவட்டத்தையே வரவழைத்துவிட்டார். கெட்ட நேரம், அன்று பார்த்து அந்த ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளைகூடப் பிறக்கவில்லை. மாவட்டம் காரிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, மோதிரத்தை எடுத்துக்கொண்டு வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் டீக்கடையில் சித்தப்பா தலை தெரிந்தாலே போதும். "இன்னா கிளை, உன் ஏரியால பொம்பளைங்களே கட்சிக்கு ஒத்துழைப்பு தர மாட்றாங்களாமே?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அவர் சிரித்துக்கொண்டே டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிடுவார். இந்த வருஷமும் இப்படி ஆனால் பதவி போய்விடும் என்று ஒன்றியம் சொல்லியும் விட்டார்.

அந்த நிலைமையில் என் அம்மா கர்ப்பமாக இருந்தாள். நர்சம்மா சொன்ன தேதி தலைவர் பிறந்த நாளுக்கு நாலைந்து நாள் தள்ளி இருந்தது. முன்னே பின்னே ஆகலாம் என்றும் அவர் சொல்லியிருந்தார். அந்த 'முன்னே பின்னே' என்ற சொல்லைச் சித்தப்பா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணி, அன்னைக்குப் பொறந்தான்னு வெச்சுக்குங்க, மாவட்டமே வந்து கையில மோதிரம் போடுவாரு. நம்ம ஊட்டுப் புள்ள பேப்பர்ல வருவான்."

"அது வரச்சொல்ல வரும். அதுக்கு இன்னா உங்க காலண்டரு தெரியுமா?" என்று அம்மா சிரித்தாள். அப்போதெல்லாம் சிரிக்கத்தான் செய்தாள்.

இரண்டாவது பிரசவம் என்பதால் அம்மா பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. பார்த்துக்கொள்ள நைனாவின் அக்கா திருப்பாச்சூரிலிருந்து வந்திருந்தாள். மூன்று பெற்றவள். அதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லிக் காட்டாமல் அத்தைக்குச் சோறு இறங்காது. அத்தைக்குக் கட்சியும் தெரியாது, தலைவரும் தெரியாது, தங்கம் தெரியும். "வர்ற சீதேவிய எதுக்கு வேணாம்ன்றது?" என்று சித்தப்பா பக்கம் சேர்ந்துகொண்டாள். நைனா கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டுகிற கம்பெனியில் ஷிப்டு பார்த்துவிட்டு வந்து, தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்குகிற மனிதர். அவரை யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

என்னையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சித்தப்பா கட்சி. பள்ளிக்கூடத்தில் சொல்ல வேண்டியதைத் தயார் செய்தாகிவிட்டது. 'இன்று பிறந்தவர்கள் இருவர். ஒருவர் நம் தலைவர். இன்னொருவர் என் தம்பி.' இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்த வேண்டும், கைதட்டுவார்கள் என்று சித்தப்பா சொல்லிக் கொடுத்திருந்தார். தம்பிதான் என்பதில் எங்கள் இருவருக்குமே சந்தேகம் இல்லை.

தலைவர் பிறந்த நாளுக்கு முந்தின நாள், நைனா காலை ஷிப்டுக்குக் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் அம்மாவுக்கு வலி கண்டது. அன்று பள்ளிக்கூடம் இல்லை. நாஷ்டா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இட்லிச் சட்டியை இறக்க வந்தவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

"அண்ணி, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்று அத்தையிடம் சொன்னாள்.

"இன்னைக்கா?" என்று கேட்டது சித்தப்பா. அவர் வாசலில் கொடிக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்.

அத்தை அம்மாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். "சூட்டு வலிமா இது. நாளைக்கு மேலதான் நெஜ வலி வரும். மூணு பெத்தவ எனக்குத் தெரியாதா? சீரகத் தண்ணி குடி, அடங்கிடும்." தொப்புளில் விளக்கெண்ணெயும் வைத்துவிட்டாள். அம்மா சீரகத் தண்ணீரைக் குடித்தாள். அடங்கவில்லை. இன்னொரு டம்ளர் கொடுத்தார்கள். அதையும் குடித்தாள். பாயில் படுத்தாள், எழுந்தாள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், மறுபடியும் படுத்தாள். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே, தன் மூன்று பிரசவங்களையும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.

சித்தப்பாவைக் குறை சொல்லித்தான் பேச வேண்டும், ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைப்பேறு பற்றி அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. அக்கா சொன்னதை நம்பினார். நம்புவது அன்றைக்கு அவருக்கு வசதியாகவும் இருந்தது.

வெயில் ஏறியதும் அம்மாவின் குரல் மாறிவிட்டது. "ஆம்புலன்சுக்குப் போன் போடு தம்பி" என்றாள். "தோ போடறேன் அண்ணி" என்று சித்தப்பா போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று அவர் பேசியது எங்களுக்கு நன்றாகக் கேட்டது.

"இன்னும் ஒண்ணும் ஆவலண்ணே. ஊட்லயேதான் கீறாங்க. இன்னைக்கு ஒரு நாள் தாட்டிட்டா போதும். நான் பாத்துக்கறேன், நீங்க மாவட்டத்துக்குச் சொல்லிடுங்க."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. சித்தப்பா பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாரே. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. அவர் உள்ளே வந்து, "லைன் கெடைக்கல அண்ணி, அப்பால போடறேன்" என்றபோதும் அம்மா ஜன்னலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆம்புலன்சுக்கு லைன் கிடைக்காவிட்டால் வேறு யாரோடு பேசினார் என்று கேட்கலாம் என்று நினைத்தேன். பெரியவர்கள் விஷயம் என்று விட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அம்மா சாதாரணமாக எழுந்தாள். "சூட்டு வலின்னா தலைக்குத் தண்ணி ஊத்திக்கினா தணியும் இல்ல அண்ணி?" என்று கேட்டாள். நல்ல யோசனை என்று அத்தைக்கு மகிழ்ச்சி. "முதுவு தேய்க்க நீ வா பாப்பா" என்று அம்மா என் கையைப் பிடித்தாள். பிடி இறுக்கமாக இருந்தது.

குளியலறை வீட்டுக்குப் பின்னால் இருந்தது. அம்மா குழாயைத் திறந்து பக்கெட்டில் தண்ணீர் விழவிட்டாள். பிறகு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். தண்ணீர் உள்ளே சளசளவென்று ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் தெருவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர். ஒரு டம்ளர் கீழே கொட்டினால் முதுகில் வைக்கிறவள், குழாயைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்துகிறாளே!

"அம்மா, தண்ணி..."

"உஸ்ஸ். வா, கடைக்குப் போலாம்."

பின்பக்கம் வேலிக்காத்தான் மண்டிய காலி மனை. அதன் வழியாக நடந்தோம். அம்மா நைனாவின் பழைய செருப்பை மாட்டியிருந்தாள். அது காலைவிடப் பெரிது, டப்டப்பென்று அடித்தது. கடை என்றால் முன்பக்கமாகத்தானே போக வேண்டும்? கடைக்குப் போகிறவள் பர்சோடு ஆஸ்பத்திரி அட்டையையும் இடுப்பில் எதற்குச் செருகியிருக்கிறாள்? கேட்டேன். அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. ரோட்டோரம் சித்தப்பா நட்டு வைத்திருந்த பேனர்க் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். மேலே தலைவர் கையசைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் பொறுத்து நிமிர்ந்து நடந்தாள். மறுபடியும் அடுத்த கம்பம். எல்லாக் கம்பத்திலும் தலைவர் இருந்தார்.

கூட்டு ரோட்டில் ஷேர் ஆட்டோ நின்றது. ஏறினோம். அதில் யூனிபார்ம் கோட்டு போட்ட கம்பெனி அக்காக்கள் மதிய ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மளிகைக் கடை தாண்டியது. "கடை போயிடுச்சும்மா!" என்று நான் கத்தினேன். பக்கத்திலிருந்த அக்கா ஒருத்தி என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், அம்மா உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

"அண்ணே, வண்டிய எங்கியும் நிறுத்தாத. நேரா ஆஸ்பத்திரிக்கு உடு!"

முன்னால் டிரைவர் பக்கத்தில் தொற்றிக்கொண்டிருந்த ஓர் ஆள், தனக்கு இங்கே இறங்க வேண்டும், கம்பெனியில் வருகைக்குப் பஞ்ச் வைக்க நேரமாகிறது என்றார். "யோவ், உன் பஞ்சு எங்கியும் பறந்து போவாது, கம்முனு உக்காருய்யா!" என்று அந்த அக்கா போட்ட சத்தத்தில் அவர் அடங்கிவிட்டார். டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. லாரிகளுக்கு நடுவில் புகுந்து புகுந்து போனது ஆட்டோ. எனக்குப் பயத்தில் அழுகை வந்தது. அம்மா என்னைப் பார்த்து, "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள். சொல்லும்போது அவள் பல்லெல்லாம் இறுகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் அம்மாவை உள்ளே தள்ளிக்கொண்டு ஓடினார்கள். மற்ற அக்காக்கள் அதே ஆட்டோவில் திரும்பிவிட்டார்கள். முதலில் கத்தின அக்கா மட்டும் என்னோடு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நைனா வேலை செய்கிற கம்பெனிப் பெயரை என்னிடம் கேட்டு, அந்தப் பக்கம் வேலை செய்கிற தன் ஆட்களுக்குப் போன் மேல் போன் போட்டாள். நடுநடுவே எனக்கு பன் வாங்கிக் கொடுத்தாள். அவளுக்கு அன்று ஷிப்டு போய்விட்டது. அவள் யார், எந்த ஊர் என்று நாங்கள் கடைசிவரை கேட்காமல் போனது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

பன்னை முடிக்கவில்லை, நர்சம்மா வெளியே வந்துவிட்டார். "ஆம்பளப் புள்ள" என்றார். ஆனால் சிரிக்கவில்லை. எனக்குப் புரியாது என்று நினைத்தோ என்னவோ, அக்காவிடம் தாழ்ந்த குரலில் பேசினார். "தொப்புள்கொடி கழுத்துல சுத்திகினு இருந்துச்சு. நீலம் பூத்துப்போய் வந்தான். அழவே இல்ல. தட்டி, உறிஞ்சி எடுத்து, அப்புறம்தான் சத்தம் வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் ஊட்லயே இருந்திருந்தா..." என்று சொல்லி நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டார். அக்கா இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

நர்சம்மா பாதியில் விட்ட வாக்கியத்தை நான் மனசுக்குள் முடித்துக்கொண்டேன். இன்னும் கொஞ்ச நேரம் வீட்டிலேயே இருந்திருந்தால் தலைவர் பிறந்த நாளில் பிறந்திருப்பான். அது எனக்குத் தெரியாதா? அநியாயமாக ஒரு நாள் முந்திவிட்டதே என்று எனக்கு அழுகை முட்டியது. அக்கா என்னை அணைத்துக்கொண்டு, "அழாதம்மா, தம்பி நல்லா கீறான்" என்றாள். அவளுக்கு எப்படிச் சொல்வது?

நைனா கம்பெனிச் சட்டையோடு ஓடி வந்தார். அத்தை தலையில் அடித்துக்கொண்டே வந்தாள். தண்ணீர் வழிந்து கொல்லைக்கு வந்த பிறகுதான் நாங்கள் இல்லாதது தெரிந்ததாம். "சூட்டு வலின்னு சொன்னேன், கேக்காம ஓடியாந்துட்டா. ரோட்லயே எதுனா ஆயிருந்தா?" என்று நைனாவிடம் புலம்பினாள். "சொல்லாம கொள்ளாம இப்பிடியா வருவ?" என்று நைனாவும் அம்மாவைக் கேட்டார். கோபமில்லை, பயந்துபோய்க் கேட்டார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சித்தப்பா வார்டுக்குள் வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வளைவு கட்டுகிறவர்களோடு நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் பொழுது விடிந்ததிலிருந்து அவர் வார்டு வாசலுக்கும் பிரசவ அறை வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார். புதிதாக யாரும் வலியோடு வருகிறார்களா என்று பார்த்தார். யாரும் வரவில்லை. வெளியே ஒலிபெருக்கி பாட ஆரம்பித்துவிட்டது. கடைசியில் அம்மாவின் கட்டிலுக்கு வந்து தலையைச் சொறிந்தார்.

"அண்ணி, ஒரே ஒரு போட்டோ. இன்னைக்குக் காலைலன்னு சொல்லிடலாம். என் மானம் உங்க கைல கீது."

அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. நைனாதான், "சரி உடு, குடுத்துட்டுப் போவட்டும்" என்றார். அவருக்கு ஜன்னலோரம் நடந்த பேச்சு தெரியாது. எனக்கோ தாங்க முடியாத சந்தோஷம். நாளை மாற்றிச் சொல்ல முடியும் என்றால் இதை நேற்றே சொல்லியிருக்கலாமே! அம்மாவும் அப்படி ஓடியிருக்க வேண்டாமே!

மாவட்டம் வந்தார். காருக்குள் அடங்குகிற அளவுக்குத்தான் இருந்தார், சென்ட் வாசனையாக, களைப்பாக. பின்னால் ஒரு கூட்டம், கேமரா, சால்வை, பழக்கூடை. சித்தப்பா சட்டைக்குமேல் துண்டைச் சரி செய்துகொண்டு முன்னால் ஓடிவந்து தம்பியைக் காட்டினார். மாவட்டம் மோதிரப் பெட்டியைத் திறந்து, கேமரா பக்கம் முகத்தைத் திருப்பி, சும்மா பேச்சுக்காக அம்மாவைக் கேட்டார்.

"எப்பம்மா பொறந்தான்?"

"காலைலண்ணே, இப்பதான்..." என்று சித்தப்பா ஆரம்பித்தார்.

"நேத்து பொறந்தான்ங்க" என்றாள் அம்மா.

எல்லோரும் சிரித்தபடியே நின்றார்கள், போட்டோவுக்காக வைத்த சிரிப்பு. அம்மா எழுந்து உட்கார்ந்தாள். அவ்வளவு பேருக்கு முன்னால் அவள் பேசி நான் பார்த்ததே இல்லை. 

"நேத்து பொறந்ததாலதாங்க இவன் உசுரோட கீறான். இன்னைக்கு வரைக்கும் வெச்சிகினு இருந்தா, நீங்க மோதிரம் போட கை இருந்திருக்காது."

மாவட்டம் சித்தப்பாவைப் பார்த்தார். நைனாவும் சித்தப்பாவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். சித்தப்பா பழக்கூடையைப் பார்த்தார். மாவட்டம் அதற்குமேல் எதையும் கேட்கவில்லை. மோதிரப் பெட்டியை மூடிப் பின்னால் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். பழக்கூடையைக் கட்டிலில் வைக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒலிபெருக்கி மட்டும் பாடிக்கொண்டே இருந்தது.

சித்தப்பாவைத் தேடிப் போனேன். சைக்கிள் நிறுத்துகிற கொட்டகையில் தரையில் உட்கார்ந்திருந்தார். துண்டால் முகத்தை மூடியிருந்தார். பதவி போய்விட்டது என்று அழுகிறார் என்று நினைத்து, பேச்சை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவருக்குப் பிடித்த விஷயத்தைக் கேட்டேன்.

"சித்தப்பா, நேத்து யார் பொறந்த நாளு?"

துண்டுக்குள்ளிருந்தே சொன்னார். "உன் தம்பியோட பொறந்த நாளு பாப்பா."

"அது தெரியும். பெரியவங்க யாரு?"

 முந்நூற்றுச் சொச்ச நாட்களையும் விரல் நுனியில் வைத்திருந்த மனிதருக்கு அந்த ஒரு நாள் மட்டும் தெரியவில்லை. போயும் போயும் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு நாளில் வந்து பிறந்திருக்கிறானே என்று தம்பிமேல் எனக்கு இரக்கமாகிவிட்டது.

அதற்கப்புறம் வீட்டில் நடந்தவை அப்போது எனக்கு இன்னும் குழப்பமாக இருந்தன. சித்தப்பா தன் பேனர்களை எடுத்துக்கொண்டு கூட்டு ரோட்டில் ஒரு நண்பர் கடைக்குமேல் குடிபோய்விட்டார். நைனா அவரோடு பேசவில்லை. ஷிப்டு முடிந்து வந்தால் தூங்குகிற மனிதர், இப்போது தட்டின் முன்னால் தூங்காமல் உட்கார்ந்திருந்தார். ஒரு தேதியைத் தப்பாகச் சொன்னதற்கா இவ்வளவு கோபம்? நான் பரீட்சையில் எத்தனை தேதிகளைத் தப்பாக எழுதியிருக்கிறேன்! அத்தை திருப்பாச்சூருக்குப் புறப்படும்போது அம்மாவின் காலருகே உட்கார்ந்து, "மூணு பெத்து இன்னா பிரயோஜனம்" என்று சொல்லி அழுதாள். அதுவும் எனக்கு விளங்கவில்லை.

சில நாள் கழித்துத்தான் பள்ளிக்கூடம் போனேன், தலைவர் பிறந்த நாள் பேச்சை அதற்குள் வேறொரு பிள்ளை பேசி முடித்திருந்தது. "என்ன, தம்பி சொன்ன நாள்ல பொறந்துட்டானா?" என்று டீச்சர் எல்லோர் முன்னாலும் கேட்டார். "இல்ல டீச்சர், எங்கம்மா அவசரப்பட்டுட்டாங்க" என்றேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சரும் சிரித்தார். எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. வீட்டுக்கு வந்து பையை வீசி எறிந்தேன்.

அம்மா உள்ளறையில் பாயில் படுத்துத் தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் காலை உதைத்துக்கொண்டு கேட்டேன்.

"ஒரே ஒரு நாள் பொறுத்துகினு இருந்தா இன்னாம்மா?"

அம்மா என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்து, காதுப் பக்கமாக வழிந்து தலையணையில் விழுந்தது.

"பொறுத்துகினுதான்டி இருந்தேன்" என்றாள்.

மோதிரம் கைநழுவிப் போய்விட்ட வருத்தம் அவளுக்கும் இருக்கத்தானே செய்யும்? எனக்கு மனசு இளகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, பாவாடை நுனியால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

"பரவால்ல உடும்மா. அடுத்த வாட்டி கரெக்டா பாத்துக்கலாம்."

அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் அவள் உடம்பு குலுங்கியதில் தம்பி விழித்துக்கொண்டு, வீடு இரண்டாகிறமாதிரி கத்தினான். அவள் சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டு, அந்தச் சத்தத்தையே கேட்டபடி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சமாதானப்படுத்தக்கூட இல்லை. என் பேச்சில் அவள் துக்கம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.